கோலப்பொடி தீர்ந்துபோன இடம்

உக்காரு தாயி, காலி எடந்தான். பையத் தூக்கி மேல வையி. இந்தத் தூக்குவாளி மட்டும் என் மடியிலயே இருக்கட்டும், அது சாயக்கூடாது. உள்ள ஒண்ணும் இல்ல, சும்மா கொழம்பு. மணக்குதா? மூடிய இறுக்கித் துணிவேற கட்டியிருக்கேன். மணக்கத்தான செய்யும், அயிரை மீனு.

நானா? மதுரைக்குத்தான். குக்கர் கைப்பிடி கழண்டுபோச்சு, மாத்தணும். அருப்புக்கோட்டையில மாத்தக் கூடாதாங்கிற. மாத்தலாம். ஆனா மதுரைக் கைப்பிடிதான் நிக்கும். இந்த வண்டி மண்டேலா நகர்ல நிக்கும்ல? இல்ல, சும்மா கேட்டேன்.

எங்க ஊரு திருச்சுழிக்கு அங்கிட்டு, ஒத்தவேலங்குளம். கேள்விப்பட்டிருக்க மாட்ட. டென்மார்க்குல கேள்விப்பட்டிருக்காக. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். அந்த நாட்டுல ஒரு கூடத்துல உக்காந்துக்கிட்டு, எங்க ஊருணி எங்கிட்டு இருக்கு, என் வீட்டு மாட்டுக் கொட்டம் எங்கிட்டு இருக்குன்னு வெள்ளைக்காரவுக அம்புட்டு பேரும் சொல்லுவாக. எல்லாம் எங்க ஓரகத்தி பண்ணுன வேலை. நாகவள்ளின்னு பேரு. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. கொழுந்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு, இவ இங்க இருக்கா. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரே ஒரு குட்டைச் செவரு. அவகூட நான் பேசுறதில்ல.

பெரிய சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல. பெரிய சண்டையா இருந்தா என்னைக்கோ பேசியிருப்போம். ஒரு வருசம் கண்மாய் அழிஞ்சுச்சு. தண்ணி வத்துனதும் ஊரே எறங்கி மீன் புடிக்கும்ல, அது. அன்னைக்கு எல்லா வீட்லயும் மீன் கொழம்புதான். ஆனா என் அயிரைக் கொழம்புக்குன்னு தெருவே கிண்ணத்தத் தூக்கிட்டு வரும். எல்லாரும் தின்னாக, நல்லாருக்குன்னாக. இவளும் ஒரு வாய் வச்சா. எப்பிடி இருக்குன்னு யாரோ கேட்டாக. அதுக்கு இவ சொன்னா, "பரவாயில்ல."

அம்புட்டுத்தான். பரவாயில்லையாம். நல்லால்லைன்னு சொல்லியிருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு மறந்திருப்பேன். இதுக்கு எங்கிட்டுப் போயி சண்டை போடுறது? வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரும் என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. நான் பாத்த பார்வையில, போட்ட சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னையில இருந்து பேச்சு இல்ல. எத்தனை வருசம்னு நான் எண்ணல. அவ எண்ணியிருப்பா.

இப்பிடி இருக்கையிலதான் கைகோர்ப்புக்காரவுக வந்தாக. ஊரு முன்னேத்துற அமைப்பு. மத்தவுக எல்லாம் வந்தா ஏதாச்சும் கொடுப்பாக, இல்ல எழுதிட்டுப் போவாக. இவுக வந்ததும் சொன்ன மொத வார்த்தையே, "நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம். எல்லாம் நீங்கதான் செய்யணும்"ங்கிறதுதான். அப்ப நீங்க எதுக்குன்னு எங்க ஊருல ஒருத்தர் கேட்டாரு. "நீங்க செய்யும்போது நாங்க கூட இருப்போம்"ன்னாரு அருள்தாஸ் சாரு. அவருதான் எங்க ஊருக்குன்னு போட்ட ஆளு. தங்கமான மனுசன். ஆனா எதக் கேட்டாலும் தானா ஒரு முடிவு சொல்லமாட்டாரு. "சார், காப்பி குடிக்கிறீகளா?"ன்னா, "நீங்க எல்லாரும் என்ன நினைக்கிறீங்க?"ம்பாரு. ஒருநாள் கூட்டத்துக்குள்ள சாரைப்பாம்பு வந்துருச்சு. எல்லாரும் வேட்டியத் தூக்கிட்டு ஓடுறாக. இவரு பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு, "இதைப்பத்தி நாம என்ன நினைக்கிறோம்?"ங்கிறாரு. பாம்பு பாவம், அதுவா முடிவெடுத்துப் போயிருச்சு.

கூட்டம்னா வட்டமாத்தான் உக்காரணும். முன்னால ஒருத்தரு, பின்னால ஒருத்தருன்னு இருக்கக் கூடாதாம், எல்லாரும் சமமாம். சமமா இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனா வட்டத்துல உக்காந்தா எல்லார் மூஞ்சியும் எல்லாருக்கும் தெரியுமே. அவ மூஞ்சியும் தெரியும்ல? அதனால நான் வெளிப்பக்கம் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டேன். ஊரு சிரிச்சுச்சு. அருள்தாஸ் சாரு சிரிக்கல. "பஞ்சவர்ணம்மா நம்மளோட எல்லைய விரிக்கிறாங்க"ன்னு சொல்லி, என்னைய நிக்கவச்சு எல்லாரையும் கைதட்டச் சொன்னாரு. எனக்கு அது புரியல, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.

அடுத்து படம். எங்க ஊர நாங்களே தரையில கோலப்பொடியில வரையணும். எந்த வீடு எங்க இருக்கு, தண்ணி எங்க இருக்கு, எது வேணும், எது இல்ல, எல்லாம். பள்ளிக்கொடத்து முத்தத்தக் கூட்டித் தெளிச்சு வச்சாக. பொடி புடிக்கிறதுக்கு யாருன்னு கேட்டதும் ஊரே என் பேரச் சொல்லுச்சு. மார்கழியில என் கோலத்தத் தாண்டமாட்டாம சைக்கிள எறங்கி உருட்டிட்டுப் போவாக, அதச் சொல்லணும்ல.

போட்டேன் தாயி. கோயிலு, ஊருணி, ரேசன் கடை, மூணு தெரு. என் வீட்டப் போட்டேன். மாட்டுக் கொட்டம், முருங்கை மரம், எல்லாம் போட்டேன். போட்டுட்டு அடுத்தாப்புல நகர்ந்தேன். அந்த எடத்துல பொடி தீர்ந்துபோச்சு.

நாகவள்ளி வீட்டுக்குப் பொடி இல்ல. நான் என்ன செய்ய? அதுக்கப்புறம் படத்தச் சுத்தி ஒரு மயில் பார்டர் போட்டேன்தான். அது வேற பொடி. கலர்ப்பொடி. கலர்ப்பொடியில எல்லாம் வீடு போட முடியாது, நல்லா இருக்காது.

அருள்தாஸ் சாரு அத அப்பிடியே பெரிய அட்டையில எடுத்து, மேல பிளாஸ்டிக் ஒட்டி, மெட்ராஸ் ஆபீசுக்கு ஒண்ணு, வெளிநாட்டு ஆபீசுக்கு ஒண்ணு அனுப்பிட்டாரு. மக்களே வரைஞ்ச படம், அதுல ஒரு கோட்டை மாத்த எங்களுக்கு உரிமை இல்லைங்கிறாரு. மயிலுகூடப் போயிருக்கு டென்மார்க்குக்கு.

அப்புறம் குழாய் வந்துச்சு. படத்துல இருக்குற வீட்டுக்கு எல்லாம் வாசலுக்கு ஒரு குழாய். நாங்களேதான் குழி தோண்டுனோம், அவுக கூட இருந்தாக. பைப்பு என் வீடு வரைக்கும் வந்துச்சு, அவ வீட்டச் சுத்திக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு. நாகவள்ளி வாசல்ல வந்து நின்னு, "சார், என் வீடு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டா. அந்த மனுசன் தெனம் அவ வீட்லதான் காப்பி குடிக்கிறவரு. "எனக்கு நல்லாத் தெரியுதும்மா. ஆனா என் கண்ணு முக்கியமில்லை. மக்கள் கண்ணுதான் முக்கியம்"ன்னாரு.

படத்துல சேக்கணும்னா ஊர்ல அத்தனை பேரும் வட்டத்துல உக்காந்து கை தூக்கணும். ஒரு கை கொறைஞ்சாலும் கெடையாது. கூட்டம் போட்டாக. எல்லாரும் தூக்கியிருக்காக. நான்தான் வெளிய பாத்து உக்காந்திருந்தேனே, எனக்கு எப்பிடித் தெரியும்? காதுல விழுந்திருக்கும்லங்கிற. விழுந்துச்சு. அன்னைக்கு எனக்குத் தோள்பட்டை வலி.

அதுக்காக என்னைய ஈவு இரக்கம் இல்லாதவன்னு நினைக்காத. அவ தண்ணிக்கு ஊருணிக்கு நடக்கணும், முழங்கால் வேற தேஞ்சுபோனவ. காலையில நான் என் குழாயில தண்ணி புடிக்கையில ஒரு குடம் கூடப் புடிச்சிருவேன். அத எங்க வைக்கிறதுன்னு எடம் இல்லாம செவத்து மேல வைப்பேன். வச்சிட்டு மறந்திருவேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா வெறும் குடம் இருக்கும். தெனமும் இப்பிடித்தான். மறதி எனக்கு ரொம்ப ஆகிப்போச்சு தாயி.

இதுக்கு நடுவுல டென்மார்க்குல இருந்து சோபின்னு ஒரு பொண்ணு வந்துச்சு, தொண்டு செய்ய. மக்களோட மக்களா இருந்து உழைக்கணுமாம். யாரு வீட்ல தங்குறதுன்னு வட்டம் போட்டுப் பேசுனாக. நாகவள்ளி வீட்லதான் கக்கூஸு நல்லா இருக்கும், அதனால அங்க. அதாவது படத்துல இல்லாத வீட்ல. அந்தப் புள்ளையும் காலையில எந்திரிச்சு, "நான் என்ன உதவி செய்ய?"ன்னு தமிழ்ல கேட்டுக்கிட்டு ஒவ்வொரு வீடா வரும். விருந்தாளியப் போயி யாராச்சும் வேலை ஏவுவாகளா? உக்காரவச்சு இட்டிலி கொடுப்போம். அடுத்த வீட்ல பணியாரம். அதுக்கடுத்த வீட்ல கொழுக்கட்டை. வந்தப்ப ஒடிஞ்சு விழுகிற மாதிரி இருந்த புள்ள, திரும்பிப் போகையில கதவுல ஒருச்சாஞ்சுதான் நுழைஞ்சுச்சு. தொண்டுன்னா அப்பிடித்தான போல, நமக்குத் தெரியுமா?

சோபி ஊருக்குத் திரும்புன பெறகு மெட்ராஸ்ல இருந்து பெரிய மேடம் வந்தாக, வேலை எப்பிடி நடக்குதுன்னு பாக்க. அவுக கையில என் படம். தெருவப் பாக்கல, ஆளப் பாக்கல, படத்தப் பாத்துக்கிட்டே நடக்குறாக. "இதுதான் ஊருணி"ன்னு படத்தப் பாத்துச் சொல்லுவாக, ஊருணியும் அங்க இருக்கும், சந்தோசப்படுவாக. என் வீட்டத் தாண்டுனதும் நின்னுட்டாக. "இங்க காலி எடம் இருக்கே! சிறுவர் பூங்கா வைக்கலாமே!"ன்னாக. எதிர்ல நாகவள்ளி வீடு. ஓடு வேஞ்ச முழு வீடு. கொடியில சேலை காயுது.

அந்தக் காலி எடத்துல இருந்து நாகவள்ளி காப்பியோட வந்தா. மேடம் வாங்கிக் குடிச்சாக. நல்லாருக்குன்னாக. இவ கேட்டா, "அம்மா, அப்ப இந்தக் காப்பிய நான் எங்க வச்சுப் போட்டேன்?" மேடம் இவ கையப் புடிச்சுக்கிட்டு, "உங்க வலி எனக்குப் புரியுது"ன்னாக. கண்ணு கலங்கிருச்சு அவுகளுக்கு. வீடு மட்டும் தெரியல.

நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சிரிப்பு வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா பூங்கான்னதும் சிரிப்பு நின்னுபோச்சு. வீட்ட இடிச்சுக் கிடிச்சுப் போட்டாகன்னா? குட்டைச் செவத்துக்கு அங்கிட்டு ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருந்தா நான் யாருகூடப் பேசாம இருக்கிறது?

நல்லவேளை, பூங்கா வரல. வேற ஒண்ணு வந்துச்சு. சாயங்காலக் கூட்டத்துல மேடம் சொன்னாக: இதுவரைக்கும் அங்க இருந்து இங்க தொண்டு செய்ய வந்தாகள்ல, இனிமே இங்க இருந்து ஒருத்தரு அங்க போகணுமாம். ஏரோப்பிளேன்ல. சோபி ஊருக்கு. வெயில் காலம் முழுக்க அங்க தங்கி, அந்த ஊரு சனத்துக்குப் படம் வரையச் சொல்லித்தரணும். அவுகளுக்குத் தங்களோட ஊர வரையத் தெரியாதாம். பக்கத்து வீட்ல யாரு இருக்கான்னே தெரியாதாம்.

நீயே சொல்லு தாயி, யாரு போகணும்? படம் போட்டது யாரு? ஊரே என்னையத் திரும்பிப் பாத்துச்சு. நான் வெளிய பாத்து உக்காந்திருந்தேன், இருந்தாலும் முதுகுல தெரிஞ்சுச்சு. அப்ப மேடம் சொல்றாக, "எங்க அமைப்போட கொள்கை, விட்டுப்போனவங்களுக்குத்தான் முதல் இடம். இந்தப் படத்துல விட்டுப்போனவங்க யாராச்சும் இருக்காங்களா?"

ஒரே ஒருத்திதான் இருந்தா. என் கையால விட்டுப்போனவ.

அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு. மறுநாள் விடிஞ்சதும் வாசல்ல கூட்டம். என்னன்னு பாத்தா, எல்லாரும் அவுகவுக வீட்டப் படத்துல இருந்து அழிச்சுவிடச் சொல்லி வந்திருக்காக! "மயினி, என் வீட்ட எடுத்துவிடு மயினி, நானும் விட்டுப்போயிக்கிறேன்." ஒருத்தி கோழிமுட்டை கொண்டாந்தா, ஒருத்தி வாழைத்தாரு. பஞ்சாயத்துத் தலைவரே வந்தாரு, மாடி வீடு கட்டுன மனுசன், "எம் மாடிய மட்டுமாச்சும் அழிச்சுவிடு"ங்கிறாரு. பிளாஸ்டிக் ஒட்டுன படத்த நான் எதவச்சு அழிக்க? முட்டைய மட்டும் வாங்கிக்கிட்டேன்.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. நாகவள்ளி வீட்டப் படத்துல சேத்துட்டா? அவ விட்டுப்போனவளா இருக்க மாட்டாள்ல? உடனே கூட்டம் போடச் சொன்னேன். ஒரு பை நெறையக் கோலப்பொடியோட போனேன். அன்னைக்கு மட்டும் உள்பக்கம் பாத்து உக்காந்தேன். "பாவம் அந்தப் பொம்பளை, வீடு இல்லாம எம்புட்டு நாளைக்கு இருப்பா? நம்ம மனசாட்சி ஒத்துக்குமா?"ன்னு பேசுனேன். அழுகையே வந்துருச்சு எனக்கு. ஊரே கை தூக்குச்சு, நான் ரெண்டு கையையும் தூக்குனேன். அருள்தாஸ் சாரு ஒவ்வொரு ஆளாப் பாத்துக்கிட்டே வந்து ஒரு எடத்துல நின்னுட்டாரு.

நாகவள்ளி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

"என்னம்மா, உங்க வீட்டைச் சேக்கத்தான கூட்டம்?"ங்கிறாரு சாரு. அவ யாரையும் பாக்காம, ஊருணிப் பக்கம் பாத்துச் சொல்றா: "எனக்குத் தோள்பட்டை வலி சார். அதோட, என் வீடு இல்லாமலே நல்லாத்தான் இருக்கு."

என்ன திமிரு பாத்தியா? சொந்த வீட்டையே இல்லைங்கிறா!

அவ பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரரு விசாரிக்க வந்தாரு. அவருக்கு வீடு தெரிஞ்சுச்சு. நேரா வந்து கதவத் தட்டுனாரு. அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்ல, என்கிட்டத்தான் வந்தாரு. "இந்தம்மா எப்படி? நல்ல மாதிரியா?" ஒரு வார்த்தை தாயி. ஒரே ஒரு வார்த்தை நான் மாத்திச் சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரரு கதவுக்குப் பின்னாடி நின்னு மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. நான் சொன்னேன், "நல்ல பொம்பளைங்க. எங்க மாமியா படுக்கையில கெடந்தப்ப நான் ஒரு நாளு, அவ ஒரு நாளுன்னு அள்ளிப்போட்டுப் பாத்தவ. எங்க வீட்டுப் பொண்ணுங்க அது." ஏன் அப்பிடிச் சொன்னேன்னு கேக்காத. போலீஸுகிட்டப் பொய் சொன்னா புடிச்சுட்டுப் போயிருவாகல்ல?

போயிட்டா. ஊரு எல்லை வரைக்கும் எல்லாரும் போனாக. நான் மொட்டை மாடியில வத்தல் காயவைக்கணும்னு ஏறிட்டேன். அங்க இருந்து பாத்தா காரு தார் ரோட்டுல திரும்புற வரைக்கும் தெரியும். வத்தல் இன்னும் வாங்கவே இல்லைங்கிறது அங்க போனப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்புறம் வீடு வெறிச்சுன்னு போச்சு தாயி. அவ இருக்கையில பாத்திரத்த டமார்னு வைப்பேன், அது அவளுக்குக் கேக்கணும்னு. அவ அங்கிட்டு அம்மியப் போட்டு உருட்டுவா, எனக்குக் கேக்கணும்னு. இப்ப நான் எம்புட்டு டமார்னு வச்சாலும் அங்கிட்டு ஒரு சத்தம் இல்ல. காலையில ஒரு குடம் தண்ணி செவத்து மேல இருக்கும், சாயங்காலமும் அப்பிடியே இருக்கும். அப்புறம் நானே எடுத்து முருங்கைக்கு ஊத்துவேன். முருங்கை இந்த வருசம் காய்ச்சுத் தள்ளிருச்சு.

ஒருநாள் அருள்தாஸ் சாரு செல்போன்ல வீடியோ கொண்டாந்தாரு. வட்டத்த நெருக்கிப் போட்டுப் பாத்தோம். அங்கயும் வட்டமாத்தான் உக்காந்திருக்காக, கோட்டுப் போட்டவுக எல்லாம். நடுவுல இவ. சேலைக்கு மேல சொட்டரு, தலையில கொரங்குக் குல்லா. மெலிஞ்சுட்டா. கழுத்தெலும்பு தெரியுது. அங்க புளி கெடைக்காதாமே, பெறகு எப்பிடி ஒடம்பு தேறும்? வழவழன்னு மரத் தரையில பச்சரிசி மாவுல நம்ம ஊரப் போட்டுக் காட்டுறா. ஊருணி கோணல். கோயில் கோபுரம் சட்டியக் கவுத்த மாதிரி இருக்கு. அவளுக்குக் கோலம் என்னைக்கும் வராது.

மொத மொதல்ல போட்ட வீடு என் வீடுதான். எம்புட்டுப் பெருசா போட்டிருக்கா தெரியுமா, கோயிலவிடப் பெருசு. மாட்டுக் கொட்டம் போட்டு, மாடும் போட்டு, குட்டைச் செவரு போட்டு, அதுமேல ஒரு குடமும் போட்டிருக்கா. குடத்தக்கூட விடல பாரு! அம்புட்டு வெளிநாட்டுக்காரவுக முன்னால என் குடத்த எதுக்குக் காட்டணும்?

செவத்துக்கு அங்கிட்டு வெறும் எடமா விட்டிருக்கா. ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு அதக் காட்டி என்னமோ கேக்குறாரு. காலியா இருக்கே, இது என்னன்னு கேக்குறாருன்னு அருள்தாஸ் சாரு சொன்னாரு. இவ மாவுக் கையத் தட்டிவிட்டுட்டுச் சொல்றா, "அது என் வீடு. அத எங்க அக்காதான் போடணும். எனக்குக் கோலம் வராது, அவுக கைதான் கை."

வட்டத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாக. நான் எந்திரிச்சு வந்துட்டேன். அங்க போயி உக்காந்துக்கிட்டு இங்க இருக்குறவளுக்கு வேலை ஏவுறாளேன்னு எனக்கு அம்புட்டுக் கோவம். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குக் கோவம்.

இன்னைக்கு அவ வாரா. மெட்ராஸ் வந்து, அங்க இருந்து மதுரைக்கு ஏரோப்பிளேன்ல. ஊரே வேன் புடிச்சு மாலையோட போயிருக்கு. எங்க வீட்டுக்காரரும் ஏறிட்டாரு. என்னையவும் கூப்பிட்டாக. எனக்குக் குக்கர் வேலை இருக்கு, நான் எதுக்கு வரணும்னு சொல்லிட்டேன். வேனுல அம்புட்டுப் பேரு முன்னால போயி நிக்கமுடியுமா? நேத்தே அயிரை வாங்கி, மண்ணக் கக்கவிட்டு, ஒரசிக் கழுவி, காலையில வச்சது இது. புளி ஒரு கை தூக்கலாத்தான் போட்டிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்லைன்னேனா? அது மொதல்ல சொன்னது.

ஆமா தாயி, உனக்குத் தெரியுமா, ஏர்போர்ட்டுல தரை எப்பிடி இருக்கும்? வழவழன்னு இருக்குமா? கோலப்பொடி நிக்குமா அதுல? ஒரு வீடு போடுற எடம் கெடைச்சாப் போதும். சும்மா கேக்குறேன்.

என்ன? குக்கரா? எந்தக் குக்கரு? அட ஆமால்ல. கைப்பிடி மாத்தணும்னா குக்கரு வேணும்ல. அத வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன் போல இருக்கு. நான்தான் சொன்னேனே, மறதி.

சரி, ஒரு உதவி பண்ணு. கைய நீட்டு, ஒரு சொட்டு விடுறேன். நீ வேத்து ஆளு. உனக்கு என்னையத் தெரியாது, அவளையும் தெரியாது. நக்கிப் பாத்துட்டு உள்ளத உள்ளபடி சொல்லு. எனக்காக நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது, ஆமா.

என்ன சொன்ன?

பரவாயில்லையா?

இங்க பாரு, நீ எந்த ஊரு? நாகவள்ளிக்கு உறவா? இல்லையா. அவகூடப் போன்ல கீன்ல பேசுறவளா? அதுவும் இல்லையா. அப்பச் சரியாச் சொல்லு. புளி ஏறிப்போச்சா? இல்லையா. காரமா? அதுவும் சரியாத்தான் இருக்கா. பெறகு என்ன?

உப்பா?

எம்புட்டுக் கொறையுது? ஒரு கல்லா, ரெண்டு கல்லா?

அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு வாயெடுத்தாரே. அது இதுதானோ என்னமோ.

ஏப்பா கண்டக்டரு, மண்டேலா நகர்தான இது? நிப்பாட்டு, எறங்கணும். ஆமாப்பா, ஏர்போர்ட்டுக்குத்தான்! தாயி, மேல இருக்குற அந்த மஞ்சப்பைய எடுத்துக் குடு. பாத்து எடு, கோலப்பொடி இருக்கு. எறங்குற எடத்துல பெட்டிக்கடை இருக்கும்ல? உப்பு விப்பாகல்ல? கல்லுப்புத்தான் கொழம்புக்கு எடுக்கும். கல்லுப்பு இல்லேன்னா, தூளுப்பும் பரவாயில்ல.